கலம் கரையும் விளக்குகள்

(ஜூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, பங்கு மன்றக் கூடத்தில் படிப்பகக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எங்களிடம், "நம் நாட்டுப்புறத்தின் பழமை பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று பணித்தார்கள். நாங்கள் கூடிப் பேசி எடுத்துக்கொண்ட பொருள் கலங்கரை விளக்கங்கள். இதைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். "நாம் நாற்றங்காலும் நடவும் அறுவடையுமாக வாழ்கிற வயற்காட்டு மக்கள். நமக்கும் கப்பலுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி சென்று, கடலில் கால் நனைத்து, பொரியும் மெழுகுதிரியும் வாங்கித் திரும்புவதோடு நம்மில் பலருக்குக் கடலோடு உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

ஆனால் காவிரி எங்கே போய் முடிகிறது? கடலில்தான். 1991-ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நாகப்பட்டினமும் தரங்கம்பாடியும் வேதாரணியமும் கோடிக்கரையும் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தன. நம் தஞ்சை மறைமாவட்டம் 1952-இல் அமைந்தபோது அந்தக் கரையையும் சேர்த்தே அமைந்தது. ஆகவே அந்தக் கரையில் நின்ற விளக்குகள் நம் வீட்டுத் திண்ணையில் எரிந்த விளக்குகள்தாம்.

பெயரும் பொருளும்

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். கலங்கரை விளக்கம் என்றதும், கரையில் இருப்பதால் கரை விளக்கம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி அன்று. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோம் அல்லவா? கலங்களைக் கூவி அழைக்கின்ற விளக்கு, கலங்கரை விளக்கு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஏணி சார்த்தியும் ஏறுதற்கு அரிதான உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் தீ மூட்டி, கடலில் ஓடும் கலங்களை அழைக்கின்ற ஒரு துறையைக் காட்டுகிறது. சிலப்பதிகாரமும், காவிரி கடலோடு கலக்கும் புகாரின் கடற்கரையில் எரிந்த விளக்குகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில் கலங்கரை விளக்கத்தைச் சேர்க்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் இதனை 'வெளிச்சவீடு' என்பார்கள். அதுவும் இனிய சொல்தான். மரியன்னையையும் கடலின் விண்மீன் என்று நாம் அழைக்கிறோம்.

நம் கரைக்கு ஏன் இத்தனை விளக்கு வேண்டியிருந்தது? காரணம், நமது கரை தட்டையானது. கன்னியாகுமரிப் பக்கம் மலை உண்டு. கப்பற்காரன் தொலைவிலேயே மலையைக் கண்டு இடம் தெரிந்துகொள்வான். நமக்கோ மலையும் இல்லை, குன்றும் இல்லை. கடலிலிருந்து பார்த்தால் பனைமரங்களின் ஒரு வரிசை. அது காரைக்காலா, நாகையா, வேதாரணியமா என்று எப்படித் தெரியும்? கோடிக்கரையைச் சுற்றித் தெற்கே திரும்பினால் பாக் நீரிணை. அங்கே ஆழம் மிகக் குறைவு, மணல் திட்டுகள் அதிகம். வழி தவறினால் கலம் தரை தட்டும்.

உயரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். பூமி உருண்டை ஆதலால், கடற்கரையில் நிற்கிற ஒருவருக்கு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் தூரத்தில் கடல் முடிந்துவிடுவதாகத் தோன்றும். 23 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 17 கிலோமீட்டராகும். 45 மீட்டரில் நின்றால் 24 கிலோமீட்டர். நாம் அவ்வளவு தூரம் பார்க்கலாம் என்றால், அவ்வளவு தூரத்திலுள்ளவனும் நம் விளக்கைப் பார்க்கலாம். பனையேறியைக் கேட்டால் கணக்கு இல்லாமலே இதைச் சொல்லுவார்.

மனோரா

எங்கள் குழுவினர் இருபது பேர், பெரியவர்களும் இளைஞர்களுமாக, சென்ற ஆண்டு அறுவடை முடிந்தபின் கட்டுச்சோற்று மூட்டையோடு பட்டுக்கோட்டை வழியாக மல்லிப்பட்டினம் சென்றோம். அதன் அருகே, சரபேந்திரராஜன்பட்டினத்தில், கடல் ஓரமாக நிற்கிறது மனோரா. அறுகோண வடிவில் எட்டு அடுக்குகள். உயரம் ஏறத்தாழ 23 மீட்டர், அதாவது 75 அடி. சுற்றிலும் மதிலும் அகழியும். மினார் என்ற சொல்லே மக்கள் வாயில் மனோரா ஆயிற்று என்பர்.

இதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை வளப்படுத்திய அதே மன்னர். ஐரோப்பாவில் நெப்போலியன் ஆங்கிலேயரிடமும் அவர்தம் நட்பு நாடுகளிடமும் தோற்றதைக் கொண்டாடும் நினைவுத் தூணாக இது எழுந்தது. கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815-இல். ஆகவே நெப்போலியனின் முதல் வீழ்ச்சிக்கே இந்தக் கோபுரம் எழுந்தது என்பது தெளிவு. கல்வெட்டுகள் தமிழ், மராத்தி, ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

இதிலே நாம் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சரபோஜியின் நாடு முழுவதும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான். தம் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு அவர் தூண் எழுப்பினார். அது நட்பா, அச்சமா, அரச தந்திரமா? எங்கள் குழுவில் இதுபற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. முடிவு ஏற்படவில்லை. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்று. அந்தத் தூண் அவ்வழியே சென்ற கலங்களுக்கு வெளிச்சமும் அடையாளமும் ஆயிற்று. நெப்போலியன் யார் என்று அறியாத மீனவர்க்கும் அது வழி காட்டிற்று. புகழுக்காகக் கட்டப்பட்டது, ஏழையின் உதவிக்கு வந்தது.

மனோராவுக்கு முன்னால் உள்ள கடலில் கடற்பசுக்கள் வாழ்கின்றன. கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி அது. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. நம் மாவட்டக் கடலுக்கு இது பெருமை அன்றோ?

கோடிக்கரை

அடுத்தது கோடிக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை, பின்னால் உப்பளமும் சதுப்பு நிலமும். நிலத்தோடு ஒட்டியிருந்தாலும் தீவில் நிற்பது போன்ற உணர்ச்சிதான் உண்டாகிறது. 1967 முதல் அது வனவிலங்குப் புகலிடம். வெளிமான்களும், குளிர்காலத்தில் நாரைக் கூட்டங்களும் உண்டு. 2002-இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே செங்கல்லும் காரையுமாகப் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றின் அடிப்பகுதி நின்றது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது என்பது மரபு. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையில் பூங்குழலியின் வீடும் கலங்கரை விளக்கமும் இந்தக் கோடிக்கரையில்தான் வருகின்றன. அந்தக் கதையைப் படித்துவிட்டு அந்தக் கட்டடத்தைப் பார்க்கவென்றே மக்கள் போனார்கள். 2022-இல் திரைப்படம் வந்தபின் கூட்டம் இன்னும் பெருகிற்று. ஆனால் அதற்குள் அங்கே பார்ப்பதற்கு முக்கியமானது போய்விட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், எழுந்து வந்த ஆழிப்பேரலை அந்தப் பழங்கட்டடத்தைச் சிதைத்துவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தனை உயிர் போன இடத்தில் கல்லும் காரையும் போனதற்கு அழ யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இருக்கவும் கூடாது. ஆயினும் இழப்பு இழப்புதான்.

இன்று கோடிக்கரையில் உயரமான புதிய கோபுரம் ஒன்று பணி செய்கிறது. சோழர் கால விளக்கை இனிப் படத்தில்தான் காண இயலும்.

நாகைக் கோபுரம்

ஆழிப்பேரலை கொண்டுபோனதைச் சொன்னோம். மனிதர் கையால் போனதையும் சொல்லவேண்டும். ஜூபிலி விழாவில் இதைப் பேசலாமா என்று எங்களுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. உண்மை யாருக்கும் பகை அன்று என்பதால் பேசத் துணிந்தோம்.

நாகப்பட்டினத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னரால் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுந்தது. சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக விட்டான். லெய்டன் செப்பேடுகள் இதற்குச் சான்று. அந்தப் பௌத்தப் பழமையின் எச்சமாக, நாகைக்கு வடக்கே மூன்று நிலைகள் கொண்ட பெரிய செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. ஐரோப்பிய மாலுமிகள் அதனைச் சீனக் கோபுரம் என்று அழைத்தார்கள். உச்சியில் விளக்கு இல்லாவிடினும், பகலில் கப்பல்களுக்கு நாகையைக் காட்டிய அடையாளம் அதுவே. 1846-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி அதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். நல்லவேளையாகப் படமும் மிஞ்சியது.

அந்நாளில் சேசு சபைக் குருக்கள் நாகையில் கல்லூரி நடத்தினார்கள். 1844-இல் தொடங்கிய அந்தப் புனித சூசையப்பர் கல்லூரிதான் 1883-இல் திருச்சிக்குச் சென்று இன்றும் புகழோடு விளங்குகிறது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அது கண் கொடுத்தது. அதே குருக்கள், தங்கள் இடத்தில் நின்ற அந்தக் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு 1867-இல் அது இடிக்கப்பட்டது. நாகையில் 1856 முதல் 1930-கள் வரை மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரம் மட்டும் இல்லை.

அன்றைய மனநிலை வேறு. பிற சமயத்துக் கட்டடம், இடிந்த நிலை, கட்டட வேலைக்கு இடமும் செங்கல்லும் தேவை. அந்தப் பெரியவர்களை இன்று குறை கூறுவது எங்கள் நோக்கம் அன்று. ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தக் கோபுரம் இன்று நின்றிருந்தால், வேளாங்கண்ணிக்கு வரும் இலட்சக்கணக்கானோர் அதையும் பார்த்திருக்க மாட்டார்களா? சீனத்திலிருந்தும் சாவகத்திலிருந்தும் அதற்கென்றே வந்திருக்க மாட்டார்களா? இடித்தது பதினாறு ஆண்டுகள்கூடப் பயன்படவில்லை. கல்லூரியே இடம் மாறிவிட்டது.

தீவு விளக்குகளும் சுற்றுலாவும்

உலகத்திலே புகழ்பெற்ற முதல் கலங்கரை விளக்கம் ஒரு தீவிலேதான் எழுந்தது. எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு எதிரே பாரோஸ் என்ற தீவு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. உயரம் நூறு மீட்டருக்கு மேல். நிலநடுக்கங்களால் பதினான்காம் நூற்றாண்டுக்குள் விழுந்தது. ஆனால் அந்தத் தீவின் பெயரே பிரெஞ்சு மொழியில் கலங்கரை விளக்கத்துக்குப் பெயராயிற்று.

பிரான்சிலே ஆற்று முகத்துவாரத்தில், கடல் நடுவே, ஒரு பாறைமேல் கோர்துவான் என்ற விளக்கம் நிற்கிறது. 1611-இல் கட்டி முடிந்தது. உள்ளே ஒரு சிற்றாலயமே உண்டு. பிரெனெல் என்ற அறிஞர் கண்டுபிடித்த அடுக்குக் கண்ணாடி வில்லை, சிறிய சுடரின் ஒளியைத் திரட்டி நெடுந்தூரம் அனுப்புவது, 1823-இல் முதன்முதல் பொருத்தப்பட்டது அங்கேதான். 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மக்கள் படகேறிப் போய் அதைப் பார்க்கிறார்கள். அயர்லாந்தின் ஹூக் முனையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றுண்டு. அதன் விளக்கை முதலில் காத்தவர்கள் துறவிகள். 1996-இல் அது தானே இயங்கும் விளக்காயிற்று. 2001 முதல் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. நம் நாட்டிலும் இலட்சத்தீவுகளின் தென்கோடியான மினிக்காய்த் தீவில் 1885-இல் ஏற்றிய விளக்கம் இன்றும் அத்தீவின் சிறப்பு. இராமேசுவரம் தீவின் பாம்பனிலும் பழைய விளக்கம் ஒன்று உள்ளது.

இன்று கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழி சொல்கிறது. விளக்கைக் காக்கும் ஆள் குறைந்துவிட்டார். விளக்கத்தின் வேலை குறையக் குறைய, பார்க்க வருவோர் கூட்டம் பெருகுகிறது. சென்னை மெரினா விளக்கம் பல ஆண்டுகள் மூடியிருந்து 2013 நவம்பர் 14-இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. 2023 செப்டம்பரில் கோவாவில் இந்தியாவின் முதல் கலங்கரை விளக்கத் திருவிழா நடந்தது. 2024 பிப்ரவரி 28-இல், தூத்துக்குடியில் நடந்த விழாவில், நாடெங்கும் 75 கலங்கரை விளக்கங்களில் அமைந்த சுற்றுலா வசதிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இது நல்லதா? நல்லதுதான். சீட்டுக் காசு வரும். இளநீர் விற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் பிழைப்பு வரும். யாரும் வராத கட்டடத்தில் ஆலமரம்தான் முளைக்கும். ஆனால் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதும் உண்டு. மனோராவின் சுவரிலே பெயர்களையும் இருதயங்களையும் ஆணியால் கீறியிருப்பதைக் கண்டோம். படித்த பிள்ளைகளின் கையெழுத்து. அகழியிலே காகிதத் தட்டும் தண்ணீர்ப் புட்டியும். எங்களோடு வந்த மூத்தவர் ஒருவர், "ஏம்ப்பா, கடல் இருநூறு வருசமா செய்யாத சேதத்த நம்ம புள்ளைங்க ஒரு ஞாயித்துக்கிழமையில செஞ்சிடும் போலிருக்கே" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கூட்டம் வந்தால் மட்டும் போதாது. வலை உலர்த்துகிற இடத்தில் வண்டி நிறுத்தாத கூட்டம், மானுக்கும் நாரைக்கும் அஞ்சாமல் வாழ இடம் விடுகிற கூட்டம் வேண்டும்.

நம் பங்கிலே

இப்போது நம் ஊருக்கு வருகிறோம். ஜூபிலி நினைவாக நம் பழைய மணிக்கூண்டை எடுத்துவிட்டு, புதிய முகப்புக் கோபுரம் எழுப்பலாமா என்ற பேச்சு நம்மிடையே நடக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல மனத்தோர் உண்டு. கூண்டில் விரிசல் இருப்பது உண்மை. பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் அச்சம் இருப்பதும் உண்மை. காசு கொடுக்க முன்வந்திருப்போர் புதியதைப் பார்க்க ஆசைப்படுவதும் இயற்கையே.

முடிவு செய்யவேண்டியவர்கள் பங்குத் தந்தையும் பங்குப் பேரவையும். நாங்கள் வேண்டுவது இவ்வளவே. இடிப்பதற்கு முன், பழங்கட்டடங்களைச் செப்பனிடத் தெரிந்த ஒரு பொறியாளரைக் கொண்டு பார்ப்போம். சுண்ணாம்புக் காரைக் கட்டடத்துக்குச் சிமெண்டு பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் கெடும் என்பார்கள். சுண்ணாம்பைக் கொண்டே செப்பனிட்டால் எத்தனை ஆண்டு நிற்கும், என்ன செலவாகும் என்று கேட்போம். நிற்காது என்று அவர் சொன்னால் நாங்களே முதல் கல்லை எடுத்துக் கீழே வைக்கிறோம். நிற்கும் என்று சொன்னால், நின்றுகொண்டிருக்கட்டும். அந்த மணியோசை கேட்டு வாய்க்கால் கரையில் மண்வெட்டியை ஊன்றி நின்று மூவேளை செபம் சொன்ன நம் பாட்டன்மார், கடலுக்குப் போகாதவர்கள். ஆனாலும் அவர்களுக்கும் அது கலம் கரையும் விளக்காகத்தான் இருந்தது.

இன்னும் இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் நம் மறைக்கல்விப் பிள்ளைகளை மனோராவுக்கும் கோடிக்கரைக்கும் அழைத்துச் செல்லவேண்டும். பார்க்கும் நேரம், அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து, சாப்பாடும் குடிநீரும் கொண்டுபோய், குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பயணமாக அது இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடிக்கரையில் பறவைகளையும் காணலாம். மற்றொன்று, ஊரிலுள்ள பெரியவர்கள் பழைய கட்டடங்கள், பழைய துறைகள், பழைய பாதைகள் பற்றி அறிந்ததை எங்கள் படிப்பகத்துக்கு வந்து சொல்லுங்கள். எழுதி வைக்கிறோம். கோடிக்கரை விளக்கைப் பார்த்த கண்கள் இன்னும் பல உண்டு. எலியட் எழுதியிராவிட்டால் நாகைக் கோபுரத்தின் உருவம் நமக்குத் தெரிந்திராது.

கட்டுவதற்குப் பொன் வேண்டும். காப்பதற்குப் பொறுமை வேண்டும். நம் முன்னோர் பொன்னைச் செலவிட்டுவிட்டார்கள். பொறுமையை நாம் செலவிடுவோம்.